புத்தூர்க் கட்டும் சைக்கிள் பழுதும்

எலும்பு முறிந்தவர்கள் நாடிச் செல்லும் ஊர் புத்தூர். ஆந்திரப் பிரதேசத்தில், சென்னையிலிருந்து நகரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் இவ்வூர் அமைந்திருக்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இது, 2022ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. புத்தூரை அடுத்த ஈசுவராபுரத்தில், பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் தப்பை ஆகியவற்றைக் கொண்டு முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடும் முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ‘புத்தூர்க் கட்டு’ என்னும் பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் காணலாம்.

கட்டின் தத்துவம் எளியது. முறிந்த இரு முனைகளையும் நேர்படுத்தி, அசையாமல் நிறுத்தி வைத்தால் எலும்பு தானே கூடிவிடும். கூடும் வேலையைச் செய்வது உடல். கட்டு அதற்கு அவகாசம் அளிக்கிறது.

சைக்கிளில் ஊர் ஊராகச் செல்லும் பணியாளர்களும் சில வேளைகளில் தம் வண்டிக்கு வழியிலேயே ‘கட்டுப்’ போட நேரிடும். டயர் கிழியும்; போக்ஸ் கம்பி அறும்; செயின் துண்டாகும். கையில் கிடைத்ததைக் கொண்டு ஒருவாறு சரிப்படுத்தி ஊர் போய்ச் சேருவதுண்டு. ஆனால் ஒரு பெரும் வேற்றுமையை மறத்தலாகாது. எலும்பு கூடும், எஃகு கூடாது. சைக்கிளுக்கு வழியில் இடும் கட்டு எத்தனை நாள் ஆயினும் ஆறுவதில்லை. அது அடுத்த ஊர்வரை செல்வதற்கான ஏற்பாடே ஆகும். எந்தப் பழுதைக் கட்டி ஓட்டலாம், எந்தப் பழுதைக் கண்டவுடன் இறங்கி நடக்க வேண்டும் என்று பகுத்தறிவதே வழியில் நேரும் பழுதுகளைச் சமாளிக்கும் முறையின் முதற்பாடம்.

சரளையின் இயல்பு

புத்தூருக்கும் நகரிக்கும் அருகே உயர்ந்து நிற்கும் மலைகள் குவார்ட்சைட் என்னும் பாறையால் ஆனவை. மிகத் தொன்மையான காலத்தில் படிந்த மணல், பெரும் அழுத்தத்தால் இறுகி இப்பாறையாயிற்று. புவியியலார் இதற்கு ‘நகரி குவார்ட்சைட்’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். இதில் பெரும்பகுதி, நாட்டுப்புறத்தார் வெங்கச்சங்கல் என்று கூறும் குவார்ட்ஸ் ஆகும். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவையில் இதன் எண் 7. சாதாரணக் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5½ மட்டுமே. ஆகவே இக்கல் இரும்பைக் கீறும். உடையும்போது இதன் விளிம்புகள் கூர்மையாக அமைகின்றன. இத்தகைய கல்லை உடைத்துப் பரப்பிய பாதையில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் கத்தி முனைகளின்மேல் ஏறி இறங்குகிறது என்றால் மிகையாகாது.

இதே பொருள்தான் உலகின் மறு கோடியிலும் சைக்கிள் டயர்களைக் கிழிக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டு முதல் சரளைப் பாதையில் ஒரு நெடுந்தூர சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. அதன் முக்கியப் பிரிவின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர். பந்தயம் நடைபெறும் குன்றுப் பகுதிக்குச் சக்கிமுக்கிக் கல்லின் பெயரே வழங்குகிறது. சக்கிமுக்கிக் கல்லும் குவார்ட்ஸைப் போலச் சிலிக்காவால் ஆனதே. இப்பந்தயத்தில் குறிப்பிட்ட சில நிலையங்களைத் தவிர வேறெங்கும் வெளியார் உதவியைப் பெறலாகாது. டயர் கிழிந்தாலும் செயின் அறுந்தாலும் ஓட்டுபவரே செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டில் பாதையின் ஒரு பகுதி சேறாகிவிட்டது. களிமண் சக்கரங்களில் அப்பி, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர்க் கருவி பலருக்கு முறிந்தது. பலர் வண்டியைத் தள்ளியும் தூக்கியும் நடந்தனர்.

பந்தயக்காரருக்கு அதனால் ஏற்படும் நஷ்டம் நேரம் மட்டுமே. கிராமப் பாதையில் செல்லும் பணியாளர் உரிய வேளையில் போய்ச் சேராவிட்டால், அங்கே காத்திருக்கும் தாயும் குழந்தையும் திரும்பிப் போய்விடுவர். ஆதலால் பந்தயக்காரர் கற்றுக்கொண்ட பாடம் பணியாளருக்கும் உரியதே.

முதலில் நோக்குக

பழுது நேர்ந்தவுடன் பெரும்பாலோர் அவசரமாகக் கழற்றத் தொடங்குகின்றனர். அது தவறு. வண்டியை நிழலில் நிறுத்தி, காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

காற்று இறங்கிவிட்டால் முதலில் வால்வைச் சோதிக்க வேண்டும். நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரிதும் காணப்படும் வால்வில் சிறிய ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. அது வெயிலால் தளர்ந்து காற்றை விடும். வால்வின் வாயில் சிறிது எச்சிலைத் தடவினால் குமிழி எழும்பிக் காட்டிக்கொடுக்கும். குறை அங்கே இருப்பின் டயரைக் கழற்றும் வேலையே இல்லை.

ட்யூபில்தான் ஓட்டை என்று தெரிந்தால், அதன் உருவத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு சிறு துளை இருப்பின் அது முள்ளின் வேலை. சீமைக்கருவேல முள் பரவிய பாதைகளில் இது மிகச் சாதாரணம். அருகருகே இரண்டு கீறல்கள் இருப்பின், காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதி, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே ட்யூப் நசுங்கியது என்று பொருள். முன்னதற்கு மருந்து, முள்ளை எடுத்தல். பின்னதற்கு மருந்து, காற்றைச் சரியாக அடித்தல். காரணத்தை நீக்காமல் ஒட்டுப் போட்டால், அரை மைல் செல்லுமுன் மறுபடியும் இறங்க வேண்டிவரும்.

வால்வு இருந்த இடத்தை அடையாளமாகக் கொண்டு ட்யூபை டயரின்மீது பொருத்திப் பார்த்தால், ட்யூபின் ஓட்டைக்கு நேரே டயரில் முள் புதைந்திருக்கும் இடம் தெரியும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் ட்யூபை உதட்டருகே கொண்டுவந்தால் கசியும் காற்றை உணரலாம்.

கட்டி ஓட்டத்தக்கவை

ஒட்டுப் போடுகையில் ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் சொல்யூஷனை மெல்லப் பூசி, ஐந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். சொல்யூஷனில் உள்ள திரவம் ஆவியாகிப் போன பின்னரே ரப்பர் ரப்பரைப் பற்றும். ஈரம் இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் பெயர்ந்து விடுகின்றன. மெய்யாகவே நிலைத்து நிற்கும் வழிப் பழுதுபார்ப்பு இது ஒன்றே எனலாம்.

டயரே கிழிந்திருந்தால், கிழிசலின் உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ட்யூபைப் பொருத்தி, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காற்றடித்துச் செல்லலாம். துண்டு இல்லாவிடில் டயரின் கிழிசல் வழியே ட்யூப் பிதுங்கி வெடிக்கும். ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத நிலையில் ட்யூபை ஓட்டையின் இரு புறமும் முடிச்சிட்டும், டயருக்குள் வைக்கோலைத் திணித்தும் பலர் ஊர் சேர்ந்திருக்கின்றனர். இவ்வாறு செல்பவர் நடை வேகத்துக்கு மிஞ்சலாகாது.

போக்ஸ் கம்பி அறுதல் அடுத்தது. வழக்கமான கனத்த சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் உள்ளன. இவை தூண்களைப் போல் பாரத்தைத் தாங்குவனவல்ல. ஒவ்வொன்றும் இழுத்துக் கட்டிய நரம்பைப் போல் ரிம்மை இரு பக்கங்களிலிருந்தும் இழுத்து நடுவில் நிறுத்துகிறது. இடப்புறக் கம்பி ஒன்று அறுந்தால் வலப்புற இழுப்பு மிகுந்து, ரிம் வலப்புறம் கோணும். அறுந்ததை அடுத்துள்ள வலப்புறக் கம்பிகளின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் கோட்டம் பெரிதும் குறையும். அறுந்த கம்பியை அடுத்த கம்பியுடன் நூலால் கட்டிவிட வேண்டும். ஒன்று அறுந்தால் அதன் பங்கு மற்றவற்றின்மேல் ஏறுகிறது. ஆகவே இக்கட்டும் அன்றைக்கு மட்டுமே.

செயின் அறுந்தால் கெட்ட கண்ணியை நீக்கி, செயின் லாக் கொண்டு இணைக்கலாம். கண்ணி ஒன்றின் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அகக் கண்ணியும் புறக் கண்ணியும் மாறி மாறி வருவதால் இரண்டாகவே நீக்க வேண்டும். ஆகச் செயின் ஓர் அங்குலம் குறுகும். செயின் மேலும் கீழுமாக இரு வரிசையாய்ச் செல்வதால், பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னே நகர்த்தினால் போதும். கியர்க் கருவி முறிந்த பந்தயக்காரரும் இம்முறையையே பின்பற்றிச் செயினைக் குறுக்கி, ஒரே பல்லில் ஓட்டிச் செல்கின்றனர்.

இறங்கி நடக்கத்தக்கவை

ஃபோர்க், ஹேண்டில் பார், சட்டம், பெடல் தண்டு, பிரேக் ஆகிய ஐந்தில் முறிவோ கீறலோ காணின் ஏறி ஓட்டலாகாது. கம்பியால் சுற்றினாலும் கயிற்றால் கட்டினாலும் இவை நில்லா. முன் ஃபோர்க் ஓடும்போது முறிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். கைகளை ஊன்றி விழுவதால் மணிக்கட்டு எலும்பே முதலில் முறியும்.

எஃகு திடீரென்று முறிவதாகத் தோன்றினும் உண்மையில் அது பல நாட்களாக முறிந்து வருகிறது. ஒரே தடவையில் முறிக்க இயலாத சிறு விசையும் ஆயிரமாயிரம் தடவை திரும்பத் திரும்பத் தாக்கினால் உலோகத்தில் நுண்ணிய கீறல் தோன்றி மெல்ல வளரும். ரயில் வண்டியின் அச்சுகள் காரணமின்றி முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் இதைச் சோதனைகளால் நிறுவினார். உலோகக் களைப்பு என்று இது வழங்கப்படுகிறது. சரளைப் பாதையின் ஓயாத குலுக்கல் இக்களைப்பை விரைவில் உண்டாக்கும். பெயிண்டின் மேல் மயிரிழை போன்ற துருக்கோடு தோன்றுவது இதன் முன்னறிவிப்பு.

பிரெஞ்சு வீரர் யூஜீன் கிறிஸ்தோஃபின் கதை இதற்குத் தக்க சான்று. 1913ஆம் ஆண்டின் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில், பிரெனீஸ் மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் அவருடைய ஃபோர்க் முறிந்தது. மலைச் சாலைகள் அப்போது கல்லும் மண்ணுமாக இருந்தன. அவர் ஃபோர்க்கைக் கட்டி ஓட்ட முயலவில்லை. வண்டியைத் தோளில் சுமந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் கொல்லன் உலையை அடைந்தார். பிறர் உதவியைப் பெறலாகாது என்பது விதி. பூட்டு வேலை பழகியிருந்த அவர், பந்தய அதிகாரிகளின் கண் முன்னே இரும்பைக் காய்ச்சித் தம் கையாலேயே ஃபோர்க்கைப் பற்றவைத்தார். துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அந்த உதவிக்காகப் பத்து நிமிடம் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. பல மணி நேரத்தை இழந்தும் அவர் பந்தயத்தை முடித்து ஏழாம் இடம் பெற்றார். 1919ஆம் ஆண்டில் முதலிடத்தில் இருந்தபோதும் அவருடைய ஃபோர்க் மீண்டும் முறிந்தது. திறமையும் உறுதியும் உலோகக் களைப்பைத் தடுக்கவில்லை. ஆயினும் எதைக் கட்டலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பையில் வைத்திருக்க வேண்டியவை

காற்றடிக்கும் சிறு பம்ப், ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, வால்வு ரப்பர், செயின் லாக், போக்ஸ் சாவி, ஸ்பேனர், ஒரு சாண் பழைய டயர், சிறிது நூல் ஆகியவை ஒரு சிறு துணிப்பையில் அடங்கிவிடும். பையைவிட முக்கியமானது பழக்கம். வாரம் ஒருமுறை வண்டியைத் துடைக்கும்போது ஃபோர்க்கின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தலும், ஒவ்வொரு கம்பியையும் மீட்டி ஒலி கேட்டலும் வேண்டும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை எளிதில் பாடமாக்கலாம். தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவ மாணவியர்க்கு அரசே விலையின்றிச் சைக்கிள் வழங்குகிறது. கம்பியின் இழுப்பு, செயினின் கணக்கு, கல்லின் கடினம், ரப்பரின் ஒட்டுதல் ஆகிய யாவற்றையும் பள்ளிக்கூட மரத்தடியில் ஒரு சைக்கிளை வைத்தே விளக்கிவிடலாம். ஒரு துண்டு இரும்புக் கம்பியை மாணவர் கையில் கொடுத்து முறியும்வரை முன்னும் பின்னும் வளைக்கச் செய்தால், உலோகக் களைப்பை அவர்கள் என்றும் மறவார்.

விழுந்து கைகால் முறிந்தால், முறிந்த இடத்துக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகள் அசையாதவாறு தப்பை வைத்து மெல்லக் கட்டி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ சிறிதும் தாமதியாது மருத்துவமனையை அடைதல் வேண்டும். எந்தக் கட்டாயினும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபின் போடுவதே உத்தமம்.

எலும்புக்கு இட்ட கட்டைச் சில வாரங்கள் சென்றபின் அவிழ்க்கிறோம். உள்ளே உடல் தன் வேலையை முடித்திருக்கும். சைக்கிளுக்கு இட்ட கட்டையோ அன்று மாலையே அவிழ்த்து, பழுதுற்ற உறுப்பை மாற்றிவிட வேண்டும். ‘ஓடுகிறதே’ என்று அதை மறந்து விடுபவரே மறுவாரம் புத்தூருக்கு வழி கேட்க நேரிடும்.