மூன்று நிலங்கள் – 6: காற்று வகுத்த பாதை

மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, மலையும் பாலையும் கடலும் ஒரே தேசத்தில் பார்க்கலாம், விடுமுறைக்கு ஓமானுக்கு வாருங்கள் என்று அழைத்ததும், அந்த மூன்றையும் நம் சீமையிலேயே காட்டுகிறேன் என்று அவருடைய ராஜபாளையத்துக் குடும்பத்தாரிடம் நான் சபதம் கூறியதும் வாசகர்கள் அறிந்தவை. அறியாதவர் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் மணப்பாட்டுக் கடற்கரையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். எழுத உட்கார்ந்த வேளையில், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த என் நண்பருடைய தாயார் கேட்ட ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. வீட்டில் தெலுங்கும் வெளியாரிடம் கரிசல் மணக்கும் தமிழும் பேசுகிற அந்த அம்மையாருக்கு என் பிரயாணத் திட்டத்தில் ஆதி முதலே நம்பிக்கை கிடையாது.

"மணலப் பாக்கவா தம்பி இம்புட்டுத் தூரம்? நம்ம ஆத்துல இல்லாத மணலா?"

"இது செம்மணல் அம்மா. குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும்."

"குன்றுதான் வீட்டுக்குப் பின்னாலயே இருக்கே! அந்த மணலு அங்க எப்படி வந்துச்சு, அதச் சொல்லுங்க மொதல்ல."

அதைச் சொல்லப் போய்த்தான் இந்த வாரக் கட்டுரை முழுவதும் மணலாகிவிட்டது.

நாசரேத், மெஞ்ஞானபுரம், காயாமொழி, உடன்குடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தேரிக்காட்டை முதன்முறை காண்பவர்கள், தாம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று சந்தேகிப்பார்கள். குதிரைமொழித் தேரியின் நடுவில் நின்றால் நாற்புறமும் குங்குமச் சிவப்பான மணல்மேடுகளே தெரியும். கிழக்கே சிறிது தூரத்தில் சமுத்திரம் இருக்கிறது என்பதற்கு யாதோர் அறிகுறியும் இராது. கடற்கரை மணல் வெளுத்திருக்க, அதற்கு இவ்வளவு அருகில் இருக்கும் இம்மணல் மட்டும் ஏன் சிவந்தது? ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதே காரணம் என்கிறார்கள் மண்ணியல் அறிஞர்கள். நிறத்துக்கு விடை கிடைத்துவிட்டது. பிறப்புக்கு விடை அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை.

1863-ஆம் வருஷம் பல்லாவரத்தில் கற்காலத்துக் கைக்கோடரியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் துரைமகனார், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் மண்ணியலைப் பற்றி 1883-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று, மலையடிவாரச் சமவெளியின் செம்மண்ணைப் புழுதியாக வாரிக்கொண்டு கிழக்கே ஓடி, கடலை நெருங்கும் இடத்தில் இறக்கி வைத்துக் கட்டியதே தேரி என்பது அவருடைய அபிப்பிராயம். பின்வந்தோர் சிலர், பூர்வத்தில் சமுத்திரம் உள்வாங்கியிருந்த காலத்தில் வெளிப்பட்டுக் கிடந்த கடலடி மணலுக்கும் இதில் பங்குண்டு என்பர். எந்தக் கட்சி வென்றாலும் கட்டிய கொத்தன் காற்றுதான். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலான இடங்களின் தேரிகளில் வேடர்களும் மீன்பிடிப்போரும் விட்டுச்சென்ற நுண்ணிய கற்கருவிகளைச் சொய்னர், ஆல்சின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1956-இல் விரிவாக எழுதி வைத்திருப்பதால், நமக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே இந்தச் சிவந்த மேடுகளில் மனிதர்கள் கூடாரமடித்து விடுமுறையோ வேட்டையோ கொண்டாடியிருக்கிறார்கள் என்பதும் உறுதி.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். அரபிக்கடலில் நீர் முகந்து வரும் அந்தக் காற்று, மலையின் மேற்குச் சரிவில் கேரளத்தாருக்கு மழையைக் கொட்டிவிட்டு, ஆனி ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே கொஞ்சம் சாரலைக் குற்றாலத்துக்குத் தானமாகத் தெளித்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, ஈரமெல்லாம் தீர்ந்து வறண்ட உருவத்தோடு திருநெல்வேலிச் சமவெளியில் இறங்கிப் புழுதியை எழுப்பிக்கொண்டு தேரியை நோக்கி ஓடுகிறது. குற்றாலத்தில் துண்டைப் பிழிந்து உலர்த்துகிறவரும், சாத்தான்குளத்துப் பக்கம் கண்ணில் விழுந்த மணலைத் துடைக்கிறவரும் ஒரே காற்றின் பிரஜைகள். மலை மழையைத் தடுத்தபடியால் பாலை உண்டாயிற்று. பாலை கடலின் வாசலில் வந்து முடிந்தது. ஆகையால் மலைக்கு இரண்டு நாள், பாலைக்கு ஒரு நாள், கடலுக்கு இரண்டு நாள் என்று பங்கிட்டு நான் முன்பு வகுத்த திட்டத்தைக் கைவிட்டு, காற்று போகிற வழியிலேயே நாமும் போவது என்று தீர்மானித்துவிட்டேன். ராஜபாளையத்தில் ரயிலேறித் தென்காசி, அங்கே கணவாயின் வாயிலைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருநெல்வேலி, பிறகு திருச்செந்தூர்ப் பாதையில் நாசரேத் வரையில் ரயில். அதற்கப்பால் வாடகைக் கார். மேற்கிலிருந்து கிழக்கே.

மஸ்கட்டுப் பிள்ளைக்கு இதில் மகிழ்ச்சி உண்டாக ஒரு செய்தி. ஓமானின் தென்கோடியிலுள்ள சலாலாவில் ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை தூறலும் மூடுபனியுமாக மலைகள் பச்சைப்பசேலென்று மாறுவதும், அம்மலைகளுக்கு அப்பால் ரூப் அல் காலி என்னும் மகா பாலைவனத்துக்கு அத்தூறல் எட்டாமல் போவதும் இதே தென்மேற்குப் பருவக் காற்றின் லீலைதான். அங்கே அதைக் கரீஃப் என்கிறார்கள். வளைகுடா முழுவதிலுமிருந்து ஜனங்கள் அதைக் காணத் திரள்கிறார்கள். நாம் குற்றாலத்துக்குத் திரள்வதுபோல.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் வீற்றிருக்கிறார். ஊரார் மழைக்காலத்தில் அருவியாட அங்கேதான் போகிறார்கள். திருச்செந்தூருக்குப் பக்கத்துத் தேரியில், வற்றாத ஒரு சுனையின் அருகே அருஞ்சுனை காத்த அய்யனார் வீற்றிருக்கிறார். பெய்த மழையை ஓடவிடாமல் உடனே உறிஞ்சிக்கொள்ளும் தேரி, அதை அடியில் சேமித்து வைத்துத் தாழ்ந்த இடங்களில் கசியவிடுகிறது என்பது சுனைக்குச் சொல்லப்படும் காரணம். தண்ணீர் எங்கே அருமையோ அங்கெல்லாம் நம் முன்னோர் ஓர் அய்யனாரைக் காவலுக்கு அமர்த்தியிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகுதான் நண்பரின் தாயார் பிரயாணத்துக்குப் பாதிச் சம்மதம் தெரிவித்தார்கள்.

இவ்வழியில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கால்டுவெல் பாதிரியார் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, சுற்றுவழியாக நீலகிரிக்கும் ஏறி இறங்கி, 1841-இல் தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியை வந்தடைந்தார். மொழிநூல் படித்தவர்கள் அவரை ஒப்பிலக்கணத்துக்காக நினைக்கிறார்கள். நானோ, மலையையும் மணலையும் ஒரே நடையில் அளந்த பிரயாணி என்று நினைக்கிறேன். அந்திம காலத்தில் அவர் கொடைக்கானல் மலையில் 1891-இல் காலமானார். அடக்கம் செய்தது இடையன்குடி மணலில். அவருடைய சமகாலத்தவரான ஜான் தாமஸ் பாதிரியார் மெஞ்ஞானபுரத்தில் எழுப்பிய ஆலயத்தின் ஊசிக்கோபுரமும், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரமும் ஏறத்தாழ ஒரே உயரம், 190 அடிக்கு மேல். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு, மணல்காட்டின் மத்தியில் அதே அளவு அண்ணாந்து பார்க்க இன்னொன்று காத்திருக்கிறது.

நாய் விஷயமும் ஒன்று உண்டு. 2005-இல் தபால்தலையிலேயே இடம்பெற்ற ராஜபாளையம் ஜாதியைச் சேர்ந்த வெண்ணிற ஜீவன் நண்பர் வீட்டில் இருக்கிறது. உடன் வருமா என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். செம்மணலில் ஒரு முறை புரண்டால் அதன் நிறம் என்னவாகும் என்பதை யோசித்து, வீட்டுக் காவலுக்கே இருக்கட்டும் என்று விட்டோம்.

இனி, நாள் குறிக்க வேண்டும். அதுதான் மலையேறுவதைவிடக் கடினமாக இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் வெள்ளம் வந்தால் வனத்துறையார் வழியை அடைத்துவிடுவார்கள். மேலும் ஐப்பசியில் திருச்செந்தூரில் கந்த சஷ்டிக் கூட்டம். மார்கழியில் ஆண்டாளை விட்டு ஓர் அடி நகர்வதில்லை என்று தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாசியில் திருச்செந்தூரில் மறுபடியும் திருவிழா, தங்க அறை கிடைக்காது. ஆனி ஆடியிலோ கண் திறக்கவிடாத மணற்காற்று. ஆடிப்பூரத் தேர் வேறு ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு எவரையும் வெளியே போகவிடாது. பங்குனி மிஞ்சியது. பனையேறிகள் பதநீர் இறக்கத் தொடங்கி, விடிலிகளில் கருப்பட்டி காய்ச்சும் மணம் எழும் காலம். காற்றும் இன்னும் கிளம்பியிராது. அருவி மெலிந்திருக்கும். என்றாலும், செண்பகத்தோப்புக் காட்டில், 1988-இல் தனக்கென்றே ஒரு சரணாலயம் பெற்ற சாம்பல் நிற மலை அணில், உடலளவு நீண்ட வாலோடு மரம் விட்டு மரம் தாவுவதைப் பார்த்து அந்தக் குறையை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் பங்குனி உத்திரத்தன்று தென்பாண்டிச் சீமை முழுவதும் குலதெய்வச் சாஸ்தா கோயில்களுக்குத் திரண்டு போகும். தேரி அய்யனார்களும் விலக்கல்ல. அன்றே ஆண்டாளுக்குத் திருக்கல்யாணம்! கல்யாணம் பார்க்காமல் வண்டியேற மாட்டேன் என்றார்கள் அம்மையார்.

ஆகவே உத்திரம் கழிந்த மறுவாரம் புறப்படுவது என்று முடிவாயிற்று. பால்கோவா எவ்வளவு கட்டுவது என்பதையும், அந்த வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பெண்கள் தனியே விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். தாயாருக்கு இப்போது வேறொரு சந்தேகம்: சமுத்திரத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் எப்படி? தேரிக்குச் சொன்ன பதிலையே அதற்கும் சொல்லிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும், மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள 1581-ஆம் ஆண்டுத் திருச்சிலுவைக் கோயிலும் அடுத்த வாரம்.