வாயிற்காவலருக்கு ஒரு பாடம்

வைகறையில் கண்விழித்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல். நீராய் ஒழுகும் மூக்கு. அரிப்பெடுத்துச் சிவந்த கண்கள். இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில் இத்தகைய சிறுவரை நாம் அடிக்கடி காண்கிறோம். "தண்ணீரில் ஆடியதன் பலன்" எனப் பெற்றோர் கடிந்துகொள்வதையும் கேட்கிறோம். பிள்ளையின் பிழை இதில் ஏதுமில்லை. பல வேளைகளில் இது ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சியே.

மகரந்தமும் தூசியும் உண்மையில் பகைவரல்ல. எனினும் உடலின் காப்புப்படை அவற்றைப் பகைவரெனப் பிறழ உணர்ந்து, 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் எதிர்ப்பொருளை ஆக்குகிறது. அதனால் தூண்டப்பெறும் உயிரணுக்கள் ஹிஸ்டமினைச் சொரிய, தும்மல் தொடங்குகிறது.

1911-இல் இலண்டன் மருத்துவர் லெனார்டு நூன், புல்லின் மகரந்தச் சாற்றையே சிறுகச் சிறுக ஊசிவழிச் செலுத்தி உடலைப் பழக்கும் முறையை வெளியிட்டார். அது இன்றும் வழக்கிலுள்ளது. ஆயின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடரவேண்டியிருப்பதால், பலர் பாதிவழியில் நிறுத்திவிடுகின்றனர்.

இக்காலத்தைச் சுருக்க வழியுண்டோ? நம் உடலில் காவல் இருவகை. ஒன்று, பகைவரைக் கற்றறிந்து நினைவில் கொள்ளும் படை. மற்றொன்று, பிறவியிலேயே அமைந்த வாயிற்காவல். கிருமிகளின் பொது அடையாளங்களை அறிந்து, படைக்கு முதற்செய்தி தருபவர் இவ்வாயிற்காவலரே. இவர்கள் விழித்தெழும் விதத்தைக் கண்டறிந்தமைக்காகப் புரூஸ் பாய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவரும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மகரந்தப் புரதத்தோடு கிருமியின் அடையாளத்தையும் இணைத்துத் தந்தால், காவலரின் செய்தி மாறும். படையும் ஒவ்வாமை வழியைக் கைவிடும் என்று விஞ்ஞானிகள் எண்ணினர். அமெரிக்காவில், ராக்வீட் என்னும் களைச்செடியின் புரதத்தோடு பாக்டீரிய மரபுப்பொருளை ஒத்த துணுக்கை இணைத்து, 25 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வாரம் ஒன்றாக ஆறே ஊசிகள்! மருந்து பெற்றோர், மருந்தில்லா ஊசி பெற்றோரைவிட இரண்டு மகரந்தப் பருவங்களில் நலமுற்றிருந்தனர். அதன்பின் நடந்த பெரிய ஆய்விலோ, மருந்தில்லா ஊசி பெற்றோருக்கும் தொல்லை மிகக் குறைவாயிருந்தமையால், மருந்தின் பயனை நிறுவ இயலவில்லை.

ஆகவே, நம்பிக்கை உண்டு, அவசரம் கூடாது. "ஓரிரு ஊசியில் தீரும்" என்னும் விளம்பரங்களுக்கு இரையாகாதீர்கள். ஒவ்வாத பொருள் எதுவெனச் சோதித்தறிந்து, தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் சிகிச்சை பெறுங்கள். அரிதாகக் கடும் விளைவு நேரலாம் என்பதால், ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருங்கள். தொடங்கியதை இடையில் கைவிடாதீர்கள். தும்மும் பிள்ளைக்கு வேண்டுவது வசையன்று; பெற்றோரின் பொறுமையே.