குழுவை விட்டுப் போனவர் திரும்பி வருவது எப்படி?

ராயபுரத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி அரிசி கொடுத்து வருகிறேன். அறுவடை, அரைவை, விலை, வண்டி வரும் நாள் எல்லாமே ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான். 'காலை வணக்கம்' படங்கள் கூடிப்போனால் சிலர் எரிச்சலில் வெளியேறிவிடுகிறார்கள். வீட்டில் அரிசி தீர்ந்ததும், "சார், திரும்ப எப்படிச் சேர்றது?" என்று போன் வருகிறது. இடைத்தரகர் இல்லாமல் விற்கிற நமக்கு இந்தக் குழுதான் சந்தை. அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தானாக வெளியேறியவர் அழைப்பு லிங்க் இருந்தால் அதைத் தொட்டுத் திரும்ப வரலாம், அட்மினும் சேர்க்கலாம். அட்மின் நீக்கியவருக்கு அந்த லிங்க் உதவாது, அட்மினே சேர்த்தால்தான் உண்டு. அட்மின் லிங்க்கை மாற்றிவிட்டால் பழைய லிங்க் யாருக்கும் வேலை செய்யாது.

சில சமயம் அட்மின் முயன்றாலும் சேர்க்க முடியாது. யார் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் வசதி 2019-இல் வந்தது. அதில் 'என் தொடர்புகள்' என்று வைத்திருந்தால், அட்மினுடைய எண் நம் போனில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டியதுதான்.

இல்லாத நாட்களில் வந்த செய்திகள் தானாக வந்து சேராது. விதை கொடுக்கும் தேதி, விலை மாற்றம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்மினாக இருந்து வெளியேறியவர் சாதாரண உறுப்பினராகத்தான் திரும்புவார்.

வங்கியில் வேலை பார்த்தவன் கணக்கில் சொல்கிறேன்: வெளியேறுவது கணக்கை மூடுவது மாதிரி. 'மியூட்' செய்வது கணக்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது மாதிரி. சத்தம்தான் தொல்லை என்றால் மியூட் போதும்.

அட்மினாக இருக்கும் உழவர்களுக்கு மூன்று யோசனை. அறிவிப்புக்கென்று, அட்மின் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு வையுங்கள். அழைப்பு லிங்க்கைச் சுவரொட்டியில் போடாதீர்கள். உள்ளே வருகிறவர் எல்லோருடைய எண்ணையும் பார்த்துவிடுவார், மோசடிக்காரருக்கு அது போதும். புதியவர் நுழைய அட்மின் ஒப்புதல் வேண்டும் என்ற வசதியையும் போட்டுவையுங்கள்.

முக்கியமாக, திரும்பி வந்தவரிடம் "ஏன் போனீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். கூச்சப்பட்டே பலர் வெளியில் நின்றுவிடுகிறார்கள். "வாங்க, அடுத்த வண்டி சனிக்கிழமை வருது, எத்தனை கிலோ வேணும்?" என்று கேளுங்கள், போதும்.