அரையும் மூன்றிலொன்றும்

பாதித் தோசையை உண்ட சிறுவனுக்கு மேலும் மூன்றிலொரு பங்கைக் கொடுத்தால், அவன் உண்டது பாதியிலும் குறைந்துவிடுமா? கேட்போர் நகைப்பர். ஆயினும், 1/2 ஐயும் 1/3 ஐயும் கூட்டுமாறு பணித்தால், மேலெண்களைக் கூட்டி 2 எனவும், கீழெண்களைக் கூட்டி 5 எனவும் கொண்டு, 2/5 என விடையெழுதும் மாணவர் ஆண்டுதோறும் என் வகுப்பில் உளர். 2/5 அரையிலும் குறைந்ததன்றோ?

அவர்களைக் கடிந்து, "பொதுப் பகுதியெண்ணைக் கண்டு கூட்டு" என விதியை ஓதிவிடுதல் எளிது. ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில் யானும் அதனையே செய்தேன். மாணவர் மனனஞ் செய்தனர், சோதனையில் எழுதினர், அடுத்த தவணையில் மறந்தனர். காரணம் அறியாது கற்ற விதி நிலைபெறுவதில்லை.

இப்பொழுது நீண்ட கடதாசித் துண்டொன்றைக் கொடுத்து, முதலில் இரண்டாகவும் பின்னர் மூன்றாகவும் மடிக்கச் சொல்கிறேன். விரித்தால் ஆறு சம கூறுகள் தோன்றும். அவற்றுள் மூன்று கூறு அரை. இரண்டு கூறு மூன்றிலொன்று. இரண்டையுஞ் சேர்த்தால் ஐந்து கூறு, அஃதாவது 5/6. பகுதியெண் கூறின் இனத்தையும், தொகுதியெண் அதன் எண்ணிக்கையையும் காட்டுவன. இனம் ஒன்றானாலன்றிக் கூட்டல் இயலாது. மூன்று முழமும் ஒரு சாணும் நான்கு முழமாகா. முழத்தைச் சாணாக்கினால் ஏழு சாணாகும்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பழைய தமிழ்க் கணக்கில் மா என்பது 1/20. காணி என்பது 1/80. ஒரு மாவுக்கு நான்கு காணி. ஆகவே, மாவும் காணியுஞ் சேர்ந்தால் ஐந்து காணி. 5/80 என்பது 1/16. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் மாகாணி! அப்பெயரே ஒரு கூட்டற் கணக்கன்றோ?

பொது மடங்குகளுட் சிறியதையே காணவேண்டுமெனப் பிள்ளைகளை அச்சுறுத்தவும் வேண்டியதில்லை. 1/4 உடன் 1/6 ஐக் கூட்ட, 24 ஐக் கொண்டால் 10/24. 12 ஐக் கொண்டால் 5/12. இரண்டும் ஒன்றே. சிறிய எண் வேலையைச் சுருக்கும், அவ்வளவே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பிழையாக விடையெழுதினால், உடனே விதியைச் சொல்லாதீர்கள். "இவ்விடை அரையிலும் பெரிதா, சிறிதா?" என்று மட்டும் கேளுங்கள். தன் பிழையைத் தானே கண்டு திருத்திய பிள்ளை கணிதத்துக்கு அஞ்சுவதில்லை.