சாடையாக ஒரு பாட்டு

குழாயடியில் ஒருவர் பெயர் சொல்லாமல் சாடையாக ஏதோ சொல்லிவிட்டுப் போனால் என்ன நடக்கும்? "என்னைத்தான் சொன்னாள்" என்று ஒருத்தி குமுறுவாள். "இல்லை, அவளைச் சொன்னாள்" என்பாள் இன்னொருத்தி. அமெரிக்காவில் ஒரு பாட்டே இப்படிச் சாடைப் பேச்சாக அமைந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக மக்களை ஊகிக்க வைத்திருக்கிறது.

பாடியவர் பாப் டிலன். 1941இல் பிறந்தவர், 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகருக்கு வந்து, கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதியின் காப்பிக் கடைகளில் நாட்டுப்பாடல்கள் பாடினார். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் பாடிப் புகழ் பெற்றார். பின்னர் அவர் தம் மனத்தில் தோன்றியதைத் தம் போக்கில் பாடத் தொடங்கியதும் பழைய தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்.

1965 ஜூலை 25ஆம் நாள், நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்சாரக் கிட்டாருடன் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். நான்கே நாளில், 29ஆம் தேதி, அந்தக் கசப்பான பாட்டைப் பதிவு செய்தார். அதன் பெயர் 'பாஸிட்டிவ்லி ஃபோர்த் ஸ்ட்ரீட்'.

பாட்டு முழுவதும் 'நீ' என்று ஒருவரை நோக்கிய சுடுசொல்தான். தாழ்ந்திருந்தபோது கைகொடுக்காமல், இப்போது நண்பன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் அவர். அவர் பெயர் பாட்டில் இல்லை. தலைப்பில் வரும் நான்காம் தெருவும் பாட்டுக்குள் இல்லை.

அப்படியானால் அவர் யார்? 'சிங் அவுட்' என்ற நாட்டுப்பாடல் இதழின் ஆசிரியர் இர்வின் சில்பர் என்பார் சிலர். டிலன் மக்களை விட்டு விலகிப் போகிறார் என்று 1964இல் அவர் வெளிப்படையாகக் கடிதம் எழுதியிருந்தார். 1961இல் டிலனுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்து கொடுத்த கடைக்காரர் இஸ்ஸி யங் என்பார் வேறு சிலர். டிலன் கிரீனிச் வில்லேஜில் குடியிருந்தது மேற்கு நான்காம் தெருவில்தான். ஆனால் அவர் மாணவராக இருந்த மினியாபொலிஸ் நகரிலும் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு நான்காம் தெரு உண்டு! ஆகவே அந்நாளைய நண்பர்களையும் சுட்டுவோர் உண்டு.

நேயர்களே, கடிதம் எழுதியதும் தெருவில் பழகியதும் ஐயத்திற்கு இடம் தரலாம். அவை சான்று ஆகிவிடா. ஆனாலும் அந்த மனிதர்களின் பெயர்கள் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. சாடையாகப் பேசியவர் ஒருவர். பெயரைச் சேர்த்தவர்கள் கேட்டவர்களே. நம் குழாயடியிலும் பல சண்டைகள் இப்படித்தானே மூள்கின்றன?

இப்படி ஒரு பாட்டையோ பேச்சையோ கேட்கும்போது, 'யாரைச் சொன்னார்?' என்று தேடுவதற்கு முன், 'நானும் இப்படி யாருக்காவது நடந்துகொண்டேனா?' என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஊகம் வேண்டியதில்லை.