ரொட்டவேட்டர் ஜாயிண்ட் எப்படி வேலை செய்கிறது?



போன மாதம் நம் சுவர்ப் பத்திரிகையில் ராக்கெட் பற்றி எழுதியிருந்தார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்க மாமன் தோட்டம் வரைக்கும்தான் போகிறேன்.

மஞ்சள் நடுவதற்கு முன்னால் காட்டை ஓட்ட வேண்டும் என்று மாமன் ஒரு பழைய ரொட்டவேட்டர் வாங்கினார். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் மிசின்தான் அது. டிராக்டரின் பின்பக்கம் பி.டி.ஓ. என்று ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சக்தி அது வழியாக வெளியே வருகிறது. அதற்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் மாட்டும் நீளமான ஷாஃப்ட்டைத்தான் எங்க ஊரில் ஜாயிண்ட் என்கிறார்கள். மிசினோடு வந்த ஜாயிண்ட் வேற டிராக்டருக்கு அளவெடுத்தது. மாட்டி, லிஃப்டைத் தூக்கினதும் 'டக்'குன்னு ஒரு சத்தம். மாமன் உடனே நிறுத்திட்டாரு. சனிக்கிழமை லீவுங்கறதால சென்னிமலை ரோட்டுல இருக்கற ஒரு லேத் பட்டறைக்கு நானும் கூடப் போனேன்.

பட்டறை அண்ணன் முதல் வேலையாக ஜாயிண்ட்டை இரண்டாக உருவினார். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும், ஆனால் தனித்தனியாகச் சுற்ற முடியாது. ஏனென்றால் குழாய் வட்டமாக இல்லை, மூணு மூலையாக இருந்தது. ஏன் இப்படி? ரொட்டவேட்டரைத் தூக்கி இறக்கும்போது டிராக்டருக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடிக் குறைகிறது. ஜாயிண்ட்டும் கூடவே நீண்டு சுருங்கினால்தான் தப்பிக்கும். நீளம் அதிகமாக இருந்தால் சுருங்க இடம் இல்லாமல் முட்டிக்கொண்டு டிராக்டரின் பேரிங்கை இடிக்கும். மாமன் கேட்ட 'டக்' அதுதான். நீளம் பத்தாமல் போனாலும் ஆபத்து. ஓடும்போதே இரண்டு துண்டாகக் கழன்று, சுற்றுகிற சாட்டை மாதிரி அடிக்கும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. அமெரிக்காவில் பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுவார்கள். டெமாலிஷன் டெர்பி என்று பெயர். கடைசி வரை நகர்கிற கார் ஜெயித்த கார். பின்னால் இடி வாங்கி கார் நசுங்கும்போது, நடுவில் இருக்கும் ஷாஃப்ட் முன்னால் போய் கியர்பாக்ஸை உடைத்துவிடும். அதனால் சதுரக் குழாய்க்குள் சதுரக் குழாய் விட்டு, வழுக்குகிற ஷாஃப்ட்டை அவர்களே வெல்டிங் வைத்துச் செய்துகொள்கிறார்கள். டிவியில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டறையில்தான், அட, நம்ம ரொட்டவேட்டர் ஜாயிண்ட்டேதானே என்று தோன்றியது.

அளவெடுப்பது இப்படித்தான். எஞ்சினை நிறுத்தி, லிஃப்ட் எந்த உயரத்தில் நிற்கும்போது இரண்டு பக்கமும் ரொம்பக் கிட்ட வருகிறதோ, அங்கே வைத்து அளக்க வேண்டும். அந்த இடத்திலும் குழாய் முட்டாமல் ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்கணும். ரொம்பத் தள்ளிப் போகும்போதும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கணும். அண்ணன் உள் குழாயையும் வெளிக் குழாயையும் ஒரே அளவு அறுத்து, பிசிரை அரத்தால் ராவி, கிரீஸ் தடவினார்.

அடுத்தது 'கிராஸ்'. ஜாயிண்ட்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும். அதை இரண்டு பக்கமும் உண்டிவில் கவட்டை போல இருக்கும் யோக் பிடித்துக்கொள்ளும். இதனால்தான் தண்டு சாய்ந்திருந்தாலும் சுற்ற முடிகிறது. இதற்கு ஹூக் இணைப்பு என்றும் பெயர் உண்டு. செல் பாடத்தில் வருகிறாரே ராபர்ட் ஹூக், அவரேதான்! 1665-இல் செல்லைப் பற்றி எழுதியவர், 1676-இல் வந்த புத்தகத்தில் இந்த இணைப்பைப் பற்றி எழுதினார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. ஒரே ஒரு கிராஸ் சாய்வாகச் சுற்றினால், ஒரு பக்கம் சீராகச் சுற்றும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகமாகி இரண்டு தடவை மெதுவாகும். சாய்வு 30 டிகிரி என்றால் கணக்குப் பாடத்தில் வரும் காஸ் 30 தான் விடை. அதாவது 0.866. டிராக்டர் நிமிடத்துக்கு 540 சுற்று கொடுத்தால், மறுபக்கத்து வேகம் சுமார் 468-க்கும் 624-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். மிசின் உதறும். ஆனால் இரண்டாவது கிராஸ் இந்த ஆட்டத்தை அப்படியே திருப்பி எடுத்துவிடும். அதற்கு நடுவில் உள்ள இரண்டு கவட்டையும் ஒரே திசையில் நிற்கணும், இரண்டு பக்கச் சாய்வும் சமமாக இருக்கணும். உருவி மாட்டும்போது கவட்டையை மாற்றிப் போட்டுவிட்டால் ஆட்டம் குறையாது, கூடும்.

ஒரு போல்ட்டும் இருக்கிறது. கல்லிலோ வேரிலோ சிக்கினால் அது மட்டும் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். அது உடையறதுக்குன்னே வெச்சது. "அடிக்கடி உடையுது"ன்னு கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து கியர்பாக்ஸ் உடையும்.

இவ்வளவும் முடிந்து கிளம்பும்போதுதான் வாக்குவாதம் வந்தது. ஜாயிண்ட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கணும். பழசு வாங்கினதால் எங்களுக்கு அது வரவே இல்லை. புதுசு போட்டுக்கறீங்களான்னு அண்ணன் கேட்டார். மாமன், "வேண்டாம் தம்பி, காட்டுக்குள்ள ஓடறப்ப யாரு கிட்ட வரப் போறா?" என்றார்.

எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு களத்தில் டிராக்டரில் மாட்டிய மிசினில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கருதுக் கூடையோடு பெரியம்மா ஜாயிண்ட் பக்கம் போனபோது முந்தானை சிக்கிவிட்டது. பழைய நூல் சேலைங்கறதால கிழிஞ்சுது, அவங்க தப்பிச்சாங்க. வலது கையை இன்னிக்கும் தோளுக்கு மேல தூக்க வராது. "இழுக்குதுன்னு தெரியறதுக்குள்ள கீழ கெடந்தேன் அம்முணி"ம்பாங்க. அதற்கு மேல் பேசமாட்டாங்க.

நான் பட்டறையிலேயே ஒரு நூலை எடுத்து ஜாயிண்ட்டைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு 20 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஒரு செகண்டுக்கு 9. அப்படியானால் ஒரு செகண்டில் 180 சென்டிமீட்டர் துணியை இழுக்கும். நம்ம பள்ளிக்கூடத் துப்பட்டா இரண்டேகால் மீட்டர். ஒண்ணேகால் செகண்டில் முடிந்துவிடும். துணி சுற்றச் சுற்றத் தண்டு தடிமனாகும், அதனால் இன்னும் சீக்கிரமே முடியும். டிரைவர் திரும்பிப் பார்த்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் நடந்திருக்கும். அதோடு நம் துப்பட்டா பெரியம்மாவின் சேலை மாதிரி கிழியாது, பாலியெஸ்டர் கலந்தது.

இதைச் சொன்னதும் மாமன், "எங்க காட்டுல யாரு அம்முணி துப்பட்டா போட்டுட்டு வர்றாங்க?" என்று சிரித்தார். பட்டறை அண்ணன் சிரிக்கவில்லை. "மண்கட்டி அடைச்சா எடுக்கறதுக்கு நீங்கதானுங்களே கிட்டப் போவீங்க? நீங்க கட்டியிருக்கறது நாலு முழ வேட்டிங்க" என்றார். நாலு முழம் என்றால் சுமார் 180 சென்டிமீட்டர். சரியாக ஒரு செகண்டு! மாமன் வேட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பேரம் பேசாமல் உறையை வாங்கிட்டாரு. (எங்க மாமன் பேரம் பேசாமல் வாங்கி நான் பார்த்தது அது ஒண்ணுதான்.)

உறையின் ஓரத்தில் ஒரு சின்னச் சங்கிலி தொங்கும். பல பேர் அது எதற்கென்று தெரியாமல் அறுத்துவிடுகிறார்கள். அதை டிராக்டரில் ஒரு கொக்கியில் மாட்டினால்தான் உள்ளே தண்டு சுற்றும்போது உறை சுற்றாமல் நிற்கும். உறை நல்லா இருக்கான்னு பாக்கறதுக்கு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில போட்டுட்டு, சங்கிலியைக் கழட்டிக் கையால உறையைத் திருப்பணும். தண்டோட ஒட்டிக்காம லேசா சுத்துச்சுன்னா சரி. பாத்துட்டுச் சங்கிலியை மறுபடி மாட்டிடணும். உங்க வீட்டில் டிராக்டர் இருந்தால் சங்கிலி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் அடுத்த இதழில் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

தேய்ந்துபோன ஒரு பழைய கிராஸும் இரண்டு யோக்கும் பட்டறை அண்ணன் எனக்குச் சும்மா கொடுத்தார். அறிவியல் டீச்சர் மேசை மேல் வைத்திருக்கிறேன். சாய்த்துப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், வேகம் மாறுவது கையிலேயே தெரியும். கிரீஸ் ஒட்டும், யூனிஃபார்மில் துடைக்காதீங்க. பக்கத்தில் பழைய துணி வைத்திருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி