கறுத்த பொருக்கும் விடாத காய்ச்சலும்: உண்ணிக் காய்ச்சலுக்கு இரட்டை மருந்து

உண்ணிக் காய்ச்சல் என்றதும் பலரும் மாட்டு உண்ணியைத்தான் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் இதைப் பரப்புவது, பயிரில் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேனுக்குத் தூரத்து உறவான, மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணி. வளர்ந்த சிற்றுண்ணி யாரையும் கடிப்பதில்லை. பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். முட்டையிலிருந்து வெளிவரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத இளம்பருவம் மட்டும் ஒரே ஒரு முறை எலி போன்ற விலங்கின் மேல் ஏறும். அப்போது புல் அறுப்பவரோ வரப்பில் உட்கார்ந்தவரோ அகப்பட்டால் அவர் மேலும் ஏறும். கிருமி முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போய்விடுவதால், ஊரில் ஒரு வருடம் நோய் இல்லாவிட்டாலும் புதருக்குள் அது இருந்துகொண்டே இருக்கும்.

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று பாதிப்பு பரவும்.

இப்படி முற்றிய நிலையில் எந்த மருந்து நல்லது என்பதற்கு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு பதில் தந்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. நோய் தீவிரமான 794 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து, 7 நாட்கள் நரம்பு வழியே செலுத்தினர். 5ஆம் நாளிலும் காய்ச்சல், 7ஆம் நாளிலும் உறுப்புக் கோளாறு, 28 நாளுக்குள் இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், தனி மருந்து பெற்ற பிரிவுகளில் 47, 48 சதவீதம். இரண்டும் பெற்ற பிரிவில் 33 சதவீதம்தான். இரண்டுமே கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுப்பவை; ஆனால் தடுக்கும் இடம் வேறு வேறு.

இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. காய்ச்சலும் உறுப்புக் கோளாறும் சீக்கிரம் அடங்கியதே கிடைத்த நன்மை. அதுவும் தீவிர நோயாளிக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில். தெளிப்பானில் இரண்டு மருந்தைக் கலப்பதுபோல, கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதற்கு இது ஆதாரம் ஆகாது. ஆரம்ப நிலையில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்றே பெரும்பாலும் போதும். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் அசித்ரோமைசின் தருகிறார்கள். சாதாரணமாகக் கொடுக்கப்படும் பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசையாது.

ஆகவே மழைக்குப் பிந்தைய மாதங்களில் காய்ச்சல் வந்தால், களை எடுத்ததையும் ஆடு மேய்த்ததையும் மருத்துவரிடம் கேட்காமலே சொல்ல வேண்டும். பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் உடம்பு முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது. வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்ற வேண்டும்; துவைத்த துணியை வேலிச் செடியில் காயப்போடாமல் கொடியில் போட வேண்டும்.